இது பங்குச் சந்தையா, சூதாட்டமா? கூடைப்பந்து வீரர்களின் புள்ளிகளில் நடக்கும் வியாபாரம்



சில மாதங்களுக்கு முன் வீட்டுக் கடன் பற்றி வானொலியில் நான் பேசி முடித்த பிறகு, ஒரு தாயார் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். கடன் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "தம்பி, என்ர மகன் கூடைப்பந்து வீரர்களிலை காசு வைக்கிறான். கேட்டால், இது சூது இல்லை அம்மா, பங்குச் சந்தை மாதிரி, ஒவ்வொருத்தனுக்கும் விலை இருக்கு, வாங்கி விக்கலாம் எண்டு சொல்லுறான். உண்மையே?" என்று கேட்டார். சீட்டுக் காசு கட்டுவதற்காக மகனிடம் கொடுத்து வைத்திருந்த பணம் காணாமற் போன பிறகுதான் அவருக்கு இந்த விடயமே தெரிய வந்தது.

அன்று அவருக்கு என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. கணக்கியல் என் தொழில். கூடைப்பந்து என் பிள்ளைகளின் விளையாட்டு. இரண்டையும் சேர்த்து உட்கார்ந்து படித்துப் பார்த்த பிறகு, பெயர், ஊர் குறிப்பிடாமல் எழுத அவரிடம் அனுமதி வாங்கி, இந்த உரையை எழுதுகிறேன்.

எதில் பணம் வைக்கிறார்கள்?

எங்கள் காலத்தில் பந்தயம் என்றால் எந்த அணி வெல்லும், எந்தக் குதிரை முந்தும் என்பதுதான். இப்போது பெடியள் கேட்கும் கேள்வி வேறு. இன்றைய ஆட்டத்தில் இந்த ஒரு வீரர் 24 புள்ளிகளுக்கு மேல் எடுப்பாரா? கூடையில் பட்டுத் திரும்பும் பந்தை எத்தனை தடவை பிடிப்பார்? புள்ளி எடுக்கும் சக வீரருக்கு எத்தனை தடவை பந்து கொடுத்து உதவுவார்? அணி வென்றாலும் தோற்றாலும் இவர்களுக்குக் கவலையில்லை. ஒரு தனி மனிதனின் கணக்கு மாத்திரமே முக்கியம்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டித் தொடரில் ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடுகிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் இரு பக்கமும் பல வீரர்கள். ஒவ்வொரு வீரருக்கும் பல கணக்குகள். ஆகவே ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கேள்விகளில் பணம் வைக்கலாம். எங்கள் பரமட்டா மாநகரசபை எல்லைக்குள், ஒலிம்பிக் பார்க் அரங்கில் ஆடும் சிட்னி கிங்ஸ் வீரர்களின் கணக்குகளிலும் இப்படிப் பந்தயம் உண்டு.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம் நேரம். எங்கள் கோடைகாலத்தில் நியூயோர்க்கில் இரவு 7 மணி என்றால் சிட்னியில் அடுத்த நாள் காலை 11 மணி. ஆகவே இது நடுச்சாமத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு நடக்கும் காரியம் அல்ல. பல்கலைக்கழக விரிவுரையிலும், வேலைத்தலத்தின் தேநீர் இடைவேளையிலும், ரயிலிலும் கைத்தொலைபேசியில் நடக்கிறது. இரவில் பிள்ளை நேரத்துக்குப் படுத்துவிடும். எங்களுக்குச் சந்தேகமே வராது.

இரண்டு வகைக் கடைகள்

இந்த வியாபாரம் இரண்டு வடிவங்களில் நடக்கிறது.

முதலாவது, அவுஸ்திரேலியாவில் அனுமதி பெற்ற பந்தய நிறுவனங்களின் செயலிகள். ஒரு வீரருக்கு 24.5 என்று ஒரு கோடு போடுவார்கள். 25 எடுத்தால் மேலே, 24 எடுத்தால் கீழே. அரைப் புள்ளி வைப்பது, சரிசமமாக முடியாமல் இருக்கத்தான். இரு பக்கமும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நியாயப்படி ஒரு டொலருக்கு இரண்டு டொலர் திரும்பி வர வேண்டும். ஆனால் நிறுவனம், உதாரணமாக, 1.87 தான் தரும். நீங்கள் மேலே 100, கீழே 100 என்று இரண்டு பக்கமும் வைத்தால், 200 டொலர் போட்டு 187 டொலர் எடுப்பீர்கள். மீதி 13 டொலர் நிறுவனத்துக்கு. அதாவது நூற்றுக்கு ஆறரை.

ஆறரை வீதம் சிறிய தொகையாகத் தெரியலாம். ஆனால் பெடியள் தனித்தனியாக வைப்பதில்லை. நாலு வீரர்களின் கணக்குகளைக் கோர்த்து, நாலும் சரிவந்தால் பெருந்தொகை என்று வைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். நாலு சம வாய்ப்புகளும் ஒன்றாகச் சரிவருவது 16 தடவையில் ஒரு தடவைதான். 1.87ஐ நாலு தடவை பெருக்கினால் சுமார் 12.2. பத்து டொலர் வீதம் 16 தடவை வைத்தால் 160 டொலர் போகும். ஒரு தடவை வென்று 122 டொலர் வரும். ஆறரை வீதமாக இருந்த கழிவு 24 வீதமாகிவிட்டது. ஒரே ஆட்டத்துக்குள் கோர்க்கும்போது ஒரு கணக்கு மற்றதைப் பாதிக்கும் என்பதால் நிறுவனம் விலையை மாற்றிப் போடும். கணக்குத் தெரிந்தவனாலேயே அந்த விலையைச் சரிபார்ப்பது கடினம்.

இரண்டாவது வடிவம்தான் அந்த மகன் சொன்ன 'பங்குச் சந்தை'. இதைக் கணிப்புச் சந்தை என்கிறார்கள். இங்கே 'இந்த வீரர் 25 புள்ளி எடுப்பார்' என்பது ஓர் ஒப்பந்தம். அது நடந்தால் ஒப்பந்தத்துக்கு ஒரு டொலர், நடக்காவிட்டால் ஒன்றுமில்லை. 'ஆம்' என்பதை 54 சதத்துக்கு வாங்கலாம். 'இல்லை' என்பதை 49 சதத்துக்கு வாங்கலாம். 54 சதம் என்றால், ஏறக்குறைய நூற்றுக்கு 54 தடவை நடக்கும் என்று சந்தை நினைக்கிறது என்பது பொருள். ஆட்டம் நடக்க நடக்க விலை ஏறி இறங்கும். முதல் பாதியில் அந்த வீரர் 18 புள்ளி எடுத்துவிட்டால் 54 சதம் 80 சதமாகலாம். உடனே விற்றுவிட்டு வெளியேறலாம். திரையில் வரைபடம், விலை, வாங்கு, விற்பனை என்று எல்லாம் பங்குச் சந்தை போலவே இருக்கும்.

கணிப்புச் சந்தை என்ற எண்ணம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகம் 1988 முதல், சிறு தொகைகளுடன், தேர்தல் முடிவுகளைக் கணிக்க இப்படி ஒரு சந்தையை ஆராய்ச்சிக்காக நடத்தியது. பலருடைய அறிவு ஒரே விலையில் திரள்வதை அது காட்டியது. பின்னர் பொலிமார்க்கெட், கல்ஷி போன்ற நிறுவனங்கள் இதைப் பெரும் வியாபாரமாக்கின. விளையாட்டுப் போட்டிகளும் அதன்பின் தனி வீரர்களின் கணக்குகளும் இந்தச் சந்தைக்குள் வந்தன. இது பெயர் மாற்றிய பந்தயமே என்று கூறி 2025இல் அமெரிக்க மாநிலங்கள் சில நடவடிக்கை எடுத்தன.

பங்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஒரு கம்பனியின் பங்கை வாங்கினால், அந்தக் கம்பனி பொருள் செய்கிறது, விற்கிறது, இலாபம் வந்தால் பங்கிலாபம் தருகிறது. பத்து ஆண்டுகளில் எல்லாப் பங்குதாரரும் ஒன்றாக நன்மை அடைய முடியும். நட்டம் வந்தாலும் பெரும்பாலும் ஒரே இரவில் முழுதும் போய்விடாது.

வீரரின் கணக்கில் வாங்கும் ஒப்பந்தம் எதையும் உற்பத்தி செய்வதில்லை. ஆட்டம் முடியும்போது 'ஆம்' வைத்திருந்தவருக்கு ஒரு டொலர், 'இல்லை' வைத்திருந்தவருக்குப் பூச்சியம், அல்லது மறுபக்கம். ஒருவர் வெல்லும் ஒவ்வொரு சதமும் இன்னொருவர் இழந்த சதம். மேலே சொன்ன 54ஐயும் 49ஐயும் கூட்டினால் 103 சதம். திரும்பக் கிடைப்பது 100 சதம். அதற்கு மேல் தளத்தின் கட்டணமும் உண்டு. எல்லாரையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால், உள்ளே போன பணத்திலும் குறைவாகவே வெளியே வரும்.

எங்கள் சீட்டை நினைத்துப் பாருங்கள். அதிலும் கழிவு கூறி ஏலம் எடுக்கிறோம். ஆனால் அந்தக் கழிவு சீட்டுக்காரர் எல்லாருக்கும் பிரிகிறது. அவசரக்காரருக்குக் காசு முந்திக் கிடைக்கிறது. பொறுத்திருந்தவருக்கு இலாபம் கிடைக்கிறது. இந்தச் சந்தையில் கழிவு தளத்துக்கும் மறுபக்கம் இருக்கும் கெட்டிக்காரனுக்கும் போகிறது.

அந்தக் கெட்டிக்காரன் யார் என்பதுதான் இந்த உரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விடயம்.

மறுபக்கத்தில் இருப்பவர்

எங்கள் பிள்ளைகள் சொல்வது: "எனக்குக் கூடைப்பந்து தெரியும். ஐந்து வருஷமாகப் பார்க்கிறன். இவன் சராசரி 20 புள்ளி எடுக்கிறவன்." சராசரி 20 என்றால் அவர் ஒரு நாள் 11 எடுப்பார், ஒரு நாள் 31 எடுப்பார். அந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பது திறமை மட்டுமல்ல, எத்தனை நிமிடம் ஆடினார் என்பதும்தான். என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். தன் அணி 25 புள்ளி முன்னுக்கு நின்றால் நட்சத்திர வீரரைக் கடைசிக் கால்பகுதியில் பயிற்றுநர் உட்கார வைத்துவிடுவார். ஆறு தவறு செய்தால் வெளியே போக வேண்டும். காலையில் முழங்கால் நோகிறது என்றால் ஆடவே மாட்டார்.

இந்த விபரம் முதலில் யாருக்குத் தெரியும்? வீரருக்கு, மருத்துவருக்கு, பயிற்றுநருக்கு, அவர்களுடைய நண்பர்களுக்கு. பிறகு, செய்தி வந்த நொடியிலேயே விலையை மாற்றும் கணினிகள் வைத்திருக்கும் வர்த்தக நிறுவனங்களுக்கு. ஆகக் கடைசியில், லிட்கம் ரயில் நிலையத்தில் கைத்தொலைபேசியுடன் நிற்கும் எங்கள் பிள்ளைக்கு. அவன் மலிவு என்று நினைத்து வாங்கும்போது, ஏன் மலிவாக விற்கிறான் என்று தெரிந்த ஒருவன் மறுபக்கத்தில் இருக்கலாம்.

இது வெறும் கற்பனை இல்லை. கனடாவில் இருக்கும் எங்கள் உறவுகளுக்கு ரொறன்ரோ ராப்டர்ஸ் அணி நன்கு பழக்கம். 2019இல் அந்த அணி என்.பி.ஏ. கிண்ணம் வென்றது. அந்த அணியில் ஆடிய ஜோன்டே போர்ட்டர் பெரிய நட்சத்திரம் அல்ல. 2024 ஜனவரி 26ஆம் திகதி ஆட்டத்தில் அவருக்குப் போடப்பட்டிருந்த கோடு 5.5 புள்ளிகள். அவர் நாலு நிமிடம் ஆடினார்; கண்ணில் பழைய காயம் என்று வெளியேறினார்; எடுத்த புள்ளி பூச்சியம். மார்ச் 20ஆம் திகதி மூன்று நிமிடம் ஆடினார், உடம்பு சரியில்லை என்று வெளியேறினார், மீண்டும் பூச்சியம். அந்த இரண்டாவது ஆட்டத்தில் அவர் குறைவாகவே எடுப்பார் என்று ஒருவர் 80,000 டொலர் வைத்திருந்தார். வென்றிருந்தால் 11 இலட்சம் டொலர். தொகையைப் பார்த்துச் சந்தேகப்பட்ட பந்தய நிறுவனம் பணத்தைக் கொடுக்காமல் நிறுத்தியது. 2024 ஏப்ரலில் போர்ட்டருக்கு என்.பி.ஏ. வாழ்நாள் தடை விதித்தது. ஜூலையில் நியூயோர்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ஏன் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவரே சூதாட்டக் கடனில் மூழ்கியிருந்தார். கடன்காரர்கள் காட்டிய வழிதான், ஆட்டத்திலிருந்து முந்தி வெளியேறுவது.

2025 ஒக்டோபரில் இன்னொரு வழக்கு வந்தது. டெரி ரோசியர் என்ற வீரர் 2023 மார்ச்சில் ஓர் ஆட்டத்திலிருந்து தான் முந்தி வெளியேறப் போவதை நண்பருக்கு முன்கூட்டியே சொன்னார் என்றும், அதை வைத்துப் பலர் இரண்டு இலட்சம் டொலருக்கு மேல் பந்தயம் கட்டினர் என்றும் அமெரிக்க அரச தரப்பு குற்றஞ்சாட்டியது. ரோசியர் அதை மறுத்தார்.

அணியைத் தோற்கடிக்க வேண்டுமானால் பலரை வளைக்க வேண்டும். ஒருவரின் புள்ளியைக் குறைக்க அந்த ஒருவர் போதும். வயிற்றுவலி என்றால் போதும். ஆகவேதான் அமெரிக்காவில் 2024-25 பருவத்திலிருந்து, குறைந்த சம்பள ஒப்பந்தத்தில் ஆடும் வீரர்கள் 'குறைவாக எடுப்பார்' என்ற பந்தயத்தை என்.பி.ஏ.யுடன் கூட்டுச் சேர்ந்த நிறுவனங்கள் நிறுத்தின.

கிரிக்கெட் பார்க்கும் எங்களுக்கு இது புதிதல்ல. 2010இல் லோர்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் பந்துவீச்சாளர்கள் இருவர் சொல்லி வைத்தபடி 'நோ போல்' வீசினார்கள். அணித் தலைவர் உட்பட மூவர் 2011இல் லண்டனில் சிறை சென்றார்கள். இலங்கையும் 2019இல் விளையாட்டு மோசடிக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. எங்கள் சிட்னியின் தென்மேற்கிலும் இது நடந்தது. 2024 மே மாதம் கம்பெல்டவுனைத் தளமாகக் கொண்ட மக்கார்தர் உதைபந்தாட்ட அணியின் வீரர்கள் மூவரை, பந்தயத்துக்காக வேண்டுமென்றே மஞ்சள் அட்டை வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டில் நியூ சவுத் வேல்ஸ் பொலிசார் கைது செய்தனர். தலைக்கு 10,000 டொலர் வரை கொடுக்கப்பட்டது என்பது பொலிசாரின் குற்றச்சாட்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

அவுஸ்திரேலியாவில் 2001ஆம் ஆண்டின் இணையச் சூதாட்டச் சட்டப்படி, ஆட்டம் தொடங்கிய பிறகு இணையம் வழியாக அதில் பந்தயம் ஏற்பது தடை. தொலைபேசியில் பேசி வைக்கலாம். கணிப்புச் சந்தையிலோ ஆட்டம் நடக்கும்போதுதான் வியாபாரம் சூடு பிடிக்கிறது. 2025இல் அவுஸ்திரேலியத் தொடர்பாடல், ஊடக அதிகாரசபை பொலிமார்க்கெட் தளத்தை அனுமதியற்ற சூதாட்டச் சேவை என்று கண்டு, இங்கே முடக்க நடவடிக்கை எடுத்தது. பெடியள் தாங்கள் வேறு நாட்டில் இருப்பது போல் கணினியைக் காட்டி, கிரிப்டோ நாணயம் மூலம் இப்படியான வெளிநாட்டுத் தளங்களுக்குள் போகிறார்கள். சட்டம் முக்கியமாகத் தளத்தை நடத்துபவரையே பிடிக்கிறது. ஆனால் பணம் சிக்கினால் முறையிட இங்கே ஓர் அலுவலகம் இல்லை.

நியூ சவுத் வேல்ஸில் 2012இல் வந்த சட்டத் திருத்தப்படி, விளையாட்டு முடிவை மோசடியாக மாற்றி அதில் பணம் பார்ப்பதற்கு 10 ஆண்டுகள் வரை சிறை. உள்வீட்டுத் தகவலை வைத்துப் பந்தயம் கட்டுவதும் குற்றம். உள்ளூர் அணியில் ஆடும் நண்பன் "நாளைக்கு நான் ஆட மாட்டன்" என்று சொன்னதை வைத்துக் காசு போடுவதுகூட இதற்குள் வரலாம். குடியுரிமை பெறாத ஒருவர் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால் அவருடைய வீசாவுக்கே ஆபத்து. படகில் வந்து, பல ஆண்டுகள் காத்திருந்து வீசா பெற்ற குடும்பங்கள் எங்களிடையே உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

என்ன செய்யலாம்?

முதலில் ஏசுவதை நிறுத்துவோம். அந்த மகன் தாயிடம் பொய் சொல்லவில்லை. தான் கெட்டிக்காரன் என்று உண்மையாகவே நம்பினான். தொடக்கத்தில் வென்றும் இருக்கிறான். ஆகவே "சூதாடிக் குடும்பத்தைக் கெடுக்கிறாய்" என்ற பேச்சு அவன் காதில் ஏறாது. "மூன்று மாதக் கணக்கைக் காட்டு, போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு, நான் கூட்டிப் பார்க்கிறன்" என்று கேளுங்கள். அந்தத் தாயும் மகனும் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டினார்கள். வென்ற நாட்கள் எல்லாம் அவனுக்கு நினைவிருந்தன. மொத்த நட்டம் 6,400 டொலர் என்பது அவனுக்கே தெரியாது.

இரண்டாவது, 'பெற்ஸ்டொப்' என்ற தேசியப் பதிவேடு 2023 ஓகஸ்ட் முதல் உண்டு. ஒருவர் தானாகப் பதிவு செய்தால், மூன்று மாதம் முதல் வாழ்நாள் வரை, அவுஸ்திரேலியாவில் அனுமதி பெற்ற எந்த இணைய, தொலைபேசிப் பந்தய நிறுவனமும் அவரிடம் பந்தயம் ஏற்க முடியாது. வெளிநாட்டுத் தளங்களை இது தடுக்காது. அதற்கு, வங்கி அட்டையில் சூதாட்டக் கொடுப்பனவுகளைத் தடுக்கும்படி வங்கியிடம் கேளுங்கள்; கிரிப்டோ வாங்கிய கணக்கையும் சேர்ந்து மூடுங்கள். 2024 ஜூன் முதல் இங்கே இணையப் பந்தயத்துக்குக் கடனட்டை பயன்படுத்த முடியாது. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது வங்கிகள் கணக்கறிக்கையில் பந்தயக் கொடுப்பனவுகளைக் கவனிக்கின்றன என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது, இதை வீட்டுக்குள் மறைக்காதீர்கள். தேசியச் சூதாட்ட உதவித் தொலைபேசி 1800 858 858. இலவசம், 24 மணி நேரமும் பேசலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. பெற்றோரும் எடுக்கலாம். ஆங்கிலம் சிரமம் என்றால் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் என்று சொல்லி, இந்த இலக்கத்துக்கு இணைக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தாயாருக்கு நான் பிறகு தொலைபேசி எடுத்துப் பதில் சொன்னேன். "அம்மா, விலை இருக்கிறபடியால் மட்டும் அது பங்காகாது. உங்கட மகன் சூதாடியிருக்கிறான், அதுவும் தன்னைவிட முந்தித் தகவல் தெரிந்தவர்களோடை" என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவனும் அதைத்தான் இப்ப சொல்லுறான் தம்பி. கூட்டிப் பார்த்த பிறகு" என்றார். சீட்டுக் காசை மாதம் 200 டொலர் வீதம் மகன் திருப்பிக் கட்டுகிறான். ஆட்டம் பார்ப்பதை அவன் விடவில்லை. விட வேண்டும் என்று தாயாரும் கேட்கவில்லை.